உங்கள் பதிவை நிறுவனம் படிக்கிறது: பிராண்ட் கண்காணிப்பும் அதன் சட்டச் சிக்கல்களும்

வாங்கிய ஒரே மாதத்தில் மிக்சி புகைந்துவிட்டது என்று ஒருவர் எக்ஸ் தளத்தில் எழுதுகிறார். நிறுவனத்தின் கணக்கை டேக் செய்யவில்லை. பெயரை மட்டும் குறிப்பிட்டார், அதுவும் எழுத்துப்பிழையோடு. கொஞ்ச நேரத்தில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்து நிற்கிறது: "சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் தொலைபேசி எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்." டேக் செய்யாத பதிவு அவர்கள் கண்ணில் எப்படிப் பட்டது?

அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. கம்பெனியின் பெயர், பொருள்களின் பெயர், அந்தப் பெயர்களை மக்கள் வழக்கமாகத் தப்பாக எழுதும் விதங்கள், விளம்பர வாசகம், முதலாளியின் பெயர், போட்டியாளரின் பெயர் எல்லாவற்றையும் தேடுசொற்களாகக் கொடுத்துவிட்டால், இணையத்தில் அவை எங்கே தென்பட்டாலும் எடுத்துக் கொடுக்கும். இதைத்தான் பிராண்ட் கண்காணிப்பு என்கிறார்கள். விளம்பரத் துறைக்காரர்கள் சோஷியல் லிசனிங் என்பார்கள்.

வாடிக்கையாளர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது நல்ல பழக்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நிறுவனங்கள் சட்டத்தில் மாட்டிக்கொள்கின்றன. சில நேரம் அபராதம் கட்டியிருக்கிறார்கள், சில நேரம் ஆள்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள். புதிதாக ஆன்லைன் விற்பனை தொடங்கும் சிறு நிறுவனங்களுக்கும், ரிவ்யூ எழுதும் சாதாரண மக்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதம்

மிக எளிய வடிவம் கூகுள் அலர்ட்ஸ். 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல்லைப் பதிந்து வைத்தால், அந்தச் சொல் இருக்கும் புதிய பக்கம் கூகுளுக்குத் தெரியவந்ததும் மின்னஞ்சல் வரும். சின்னக் கடைக்கு இதுவே போதும். பெரிய நிறுவனங்கள் பிராண்ட்வாட்ச், மெல்ட்வாட்டர், ஸ்பிரிங்க்ளர் போன்ற கட்டணச் சேவைகளை எடுக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவும் ஸோஹோ சோஷியல் என்ற சேவையை விற்கிறது.

இந்தச் சேவைகள் சமூக ஊடகங்கள், செய்தித் தளங்கள், ரிவ்யூ பகுதிகள், யூடியூப் கருத்துகள் எனப் பல இடங்களிலிருந்து பதிவுகளைத் திரட்டி ஒரே திரையில் காட்டும். எத்தனை பேர் பேசினார்கள், பேசியவர்களுக்கு எத்தனை ஃபாலோயர்கள், பாராட்டினார்களா திட்டினார்களா என்று பிரித்தும் தரும். இந்தப் பாராட்டு, திட்டு கணக்கு நம் மொழியில் அடிக்கடி சறுக்கும். "சூப்பர் சர்வீஸ்ப்பா, மூணு வாரமா பார்சலே வரல" என்று ஒருவர் எழுதினால், சூப்பர் என்ற சொல்லைப் பார்த்து மென்பொருள் அதைப் பாராட்டில் சேர்த்துவிடலாம். அதனால் முக்கியமான பதிவுகளை ஆள் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல் இந்த வலைக்குள் வராது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டது அது. குழுவில் இருக்கும் ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் வெளியே தெரியும்.

இந்தப் பழக்கம் பெரிய நிறுவனங்களிடம் பரவியதில் டெல் கம்பெனிக்கு ஒரு பங்கு உண்டு. 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜெஃப் ஜார்விஸ் தன் டெல் மடிக்கணினி படுத்தும் பாட்டை வலைப்பதிவில் எழுத, அதே அனுபவம் உள்ளவர்கள் கூட்டமாக வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த அடியிலிருந்து டெல் கற்றுக்கொண்டது. 2010 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் ரவுண்ட் ராக் நகரில், இணையத்தில் தன்னைப் பற்றிய பேச்சைக் கவனிப்பதற்கென்றே ஒரு மையத்தைத் திறந்தது.

பொதுவெளியில் இருப்பதைப் படிக்கலாம்தானே?

படிக்கலாம். எல்லோருக்கும் தெரியும்படி எழுதிய பதிவை யாரும் படிக்கலாம், நிறுவனமும் படிக்கலாம். முதல் சிக்கல் அதை மொத்தமாக அள்ளும் முறையில் வருகிறது.

ஒவ்வொரு தளத்துக்கும் பயன்பாட்டு விதிகள் உண்டு. தானியங்கி நிரல் வைத்துப் பக்கங்களை வாரக்கூடாது, போலிக் கணக்கு தொடங்கக்கூடாது என்று பெரும்பாலான தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஹைக்யூ லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் லிங்க்ட்இன் தளத்தில் பொதுவாகத் தெரியும் சுயவிவரங்களை வாரி, எந்த ஊழியர் வேலையை விட்டுப் போகக்கூடும் என்று கணித்து முதலாளிகளுக்கு விற்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பொதுவில் இருக்கும் பக்கங்களை வாருவது கணினி ஊடுருவல் குற்றத்தில் வராது என்ற பக்கமே 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாய்ந்தது. இணையத் துறையில் பலர் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு கீழ் நீதிமன்றம், பயன்பாட்டு விதிகளை மீறியது ஒப்பந்த மீறல் என்றது. கடைசியில் 5 லட்சம் டாலருக்கான தீர்ப்பை ஏற்றுக்கொண்டு ஹைக்யூ சமரசம் செய்துகொண்டது. குற்றவியல் சட்டத்திலிருந்து தப்பினாலும் ஒப்பந்தச் சட்டம் பிடிக்கும் என்பதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

மூடிய குழுக்கள் இன்னும் ஆபத்தானவை. 2020இல் அமேசான் தன் டெலிவரி ஓட்டுநர்களின் மூடிய ஃபேஸ்புக் குழுக்களில் நடந்த பேச்சைக் கவனித்து அறிக்கையாகத் தொகுத்தது செய்தியில் வெளிவந்தது. போராட்டம், வேலைநிறுத்தம் பற்றிய பேச்சும் அந்தத் தொகுப்பில் இடம்பெற்றிருந்தது. விஷயம் வெளியானதும் நிறுவனம் அந்த வேலையை நிறுத்துவதாகச் சொன்னது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில், சம்பளம் பற்றியும் வேலை நிலைமை பற்றியும் ஊழியர்கள் கூடிப் பேசுவதற்குப் பாதுகாப்பு உண்டு. ஃபேஸ்புக்கில் பேசினாலும் அந்தப் பாதுகாப்பு போகாது. வாடிக்கையாளர் பேச்சைக் கேட்க வாங்கிய கருவியைச் சொந்த ஊழியர் பக்கம் திருப்பினால், வேறொரு சட்டத்தின் எல்லைக்குள் கால் வைக்கிறோம் என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும்.

பெயர்ப் பட்டியல் போடும்போது

ஆயிரம் பேர் பேசியதைக் கூட்டி "இந்த மாதம் பேக்கிங் பற்றிய புகார் கூடியிருக்கிறது" என்று பார்ப்பது ஒன்று. இன்னார் நம்மை எதிர்க்கிறார், அவருக்கு இவ்வளவு செல்வாக்கு, அவரை இப்படி அணுகலாம் என்று ஆள்வாரியாகக் குறித்து வைப்பது வேறு. இரண்டாவதில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வருகிறது.

மான்சாண்டோ வழக்கு இதற்கு நல்ல பாடம். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை ஐரோப்பாவில் தடை செய்யலாமா என்ற விவாதம் சூடாக இருந்தபோது, அதை விற்றுவந்த மான்சாண்டோ கம்பெனிக்காக ஒரு மக்கள்தொடர்பு நிறுவனம் பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள், சூழலியல் செயல்பாட்டாளர்கள், விஞ்ஞானிகள் எனப் பிரான்சில் 200க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிக் கோப்பு தயாரித்தது. ஒவ்வொருவருக்கும் செல்வாக்கு எவ்வளவு, நம்பகத்தன்மை எவ்வளவு, கம்பெனிக்கு ஆதரவு எவ்வளவு என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருந்தார்கள். 2019இல் அது பத்திரிகைகளில் வெளிவந்தது. பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜூலையில் மான்சாண்டோவுக்கு 4 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

எதற்கு அபராதம் என்பதைக் கவனித்துப் பாருங்கள். அப்படியொரு கோப்பு வைத்திருந்ததே குற்றம் என்று ஆணையம் சொல்லவில்லை. கருத்துச் சொல்பவர்களை அணுகுவதற்காக ஒரு நிறுவனம் பட்டியல் வைத்துக்கொள்ள நியாயமான காரணம் இருக்கலாம், அதற்கு ஒவ்வொருவரின் சம்மதமும் தேவையில்லை என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் "உங்களைப் பற்றி இப்படியொரு பதிவு வைத்திருக்கிறோம்" என்று சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்பதே முக்கியமான தவறு. தெரிந்திருந்தால்தானே ஒருவர் "என் பெயரை எடுங்கள்" என்று கேட்க முடியும்? கோப்பைத் தயாரித்த நிறுவனத்தோடு போட வேண்டிய ஒப்பந்தம் சரியாக இல்லாததும் சேர்ந்துகொண்டது. வேலையை வெளியே கொடுத்துவிட்டால் பொறுப்பும் வெளியே போய்விடும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில், ஒரு தகவல் பொதுவெளியில் இருப்பதாலேயே அது தனிநபர் தகவல் என்ற தகுதியை இழப்பதில்லை. அபராதம் 2 கோடி யூரோ வரை போகலாம், அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 4 சதவீதம் வரை, எது அதிகமோ அது. திருப்பூரிலிருந்து ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக ஆன்லைனில் பனியன் விற்கும் நிறுவனத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தலாம்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் போகிறது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே பொதுவில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கண்காணிக்கும் நிறுவனங்களுக்கு இது பெரிய சலுகை. ஆனாலும் அதன் ஓரங்களைப் பார்க்க வேண்டும். என் படத்தையும் பெயரையும் என் நண்பர் போட்டிருந்தால், அது நான் வெளியிட்ட தகவல் இல்லை. ஒருவரின் எக்ஸ் பதிவைக் கம்பெனியிடம் ஏற்கெனவே இருக்கும் அவருடைய தொலைபேசி எண், ஆர்டர் விவரம், முகவரியோடு இணைத்தால், அந்த எண்ணும் முகவரியும் அவர் பொதுவில் போட்டவை இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்குச் சட்டத்தில் தனியாகத் தடை இருக்கிறது. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய்.

வக்கீல் நோட்டீஸ் என்னும் முதல் எண்ணம்

இந்தியாவில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கண்காணிப்புத் திரையில் ஒரு கடுமையான விமர்சனம் தெரிகிறது. பார்த்தவுடன் கம்பெனிக்குக் கோபம் வருகிறது. "அவதூறு வழக்குப் போடுவோம்" என்று நோட்டீஸ் பறக்கிறது. எழுதியவர் பெரும்பாலும் தனி ஆள், பயந்துபோய்ப் பதிவை எடுத்துவிடுகிறார். கம்பெனி ஜெயித்தது போலத் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அவதூறுக்கு இந்தியாவில் இரண்டு வழி. சிவில் வழக்கில் நஷ்டஈடு கேட்கலாம், அதற்குப் பதிவு வெளியானதிலிருந்து ஓராண்டுதான் காலவரம்பு. குற்றவியல் வழக்கும் போடலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்றிருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாக இருக்கின்றன. இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். குற்றவியல் அவதூறு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. எழுதியவருக்கும் பாதுகாப்பு உண்டு. சொன்னது உண்மை என்று நிரூபித்தால் சிவில் வழக்கு நிற்காது. உண்மைகளின் அடிப்படையில் நேர்மையாகச் சொன்ன கருத்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது. குற்றவியல் வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் சேர வேண்டும்.

வழக்கு முடியும் முன்பே பதிவை நீக்கச் சொல்லும் இடைக்காலத் தடையைத்தான் நிறுவனங்கள் குறிவைக்கின்றன. நீதிமன்றங்கள் அதை எளிதில் தருவதில்லை. இதில் எனக்குப் பிடித்த தீர்ப்பு ஆமை வழக்கு. டாடா குழுமத்துக்குப் பங்கு இருந்த ஒடிசாவின் தம்ரா துறைமுகத்தால் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று சொல்லிவந்த கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பு, பேக்மேன் என்ற பழைய வீடியோ கேம் பாணியில் ஒரு இணைய விளையாட்டை வெளியிட்டது. ஆமை ஓடும், டாடா சின்னம் தாங்கிய பேய்கள் துரத்தும். டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு, விளையாட்டுக்குத் தடையும் கோரியது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திர பட் தடை தர மறுத்தார். எதிர்த்தரப்பு தன் வாதத்தை நிரூபிக்கவே முடியாது என்று தெளிவாகத் தெரிந்தாலொழிய முன்கூட்டியே வாயை அடைக்கக்கூடாது என்பது 1891இல் இங்கிலாந்தில் வந்த போனார்ட் தீர்ப்பின் கொள்கை. இணையத்துக்கும் அதே கொள்கைதான் என்றார். சின்னத்தைக் கேலிக்காகப் பயன்படுத்துவது வியாபாரத்துக்காகத் திருடுவது போல ஆகாது என்றும் விளக்கினார்.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ப்ளூம்பெர்க், ஜீ நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் இதையே இன்னும் அழுத்திச் சொன்னது. ஒரு செய்திக்கட்டுரையை நீக்கச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து, பணபலம் உள்ளவர்கள் வழக்கைப் போட்டே விமர்சனத்தை நிறுத்தும் போக்கைப் பற்றி எச்சரித்தது. 2025 ஏப்ரலில் ஒரு புரோட்டீன் பவுடர் நிறுவனம் யூடியூபர்கள் மீது போட்ட வழக்கிலும் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. அந்த யூடியூபர்களிடம் ஆய்வக அறிக்கை இருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

எல்லா வழக்கும் அப்படியே போகும் என்று சொல்ல முடியாது. பாராசூட் தேங்காய் எண்ணெய் பற்றிய ஒரு யூடியூப் வீடியோவை நீக்கச் சொல்லி 2020 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறையப் பேர் பின்தொடரும் ஒருவருக்குச் சாதாரண ஆளைவிடப் பொறுப்பு கூடுதல் என்றது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது என்றாலும், பொறுப்பைப் பற்றிச் சொன்னதை ரிவ்யூ செய்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சரி, நோட்டீஸ் அனுப்புவதில் நிறுவனத்துக்கு என்ன ஆபத்து? ஒன்று, அடிப்படையே இல்லாமல் "எங்கள் டிரேட்மார்க்கை மீறினாய்" என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் திருப்பி வழக்குப் போடலாம். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் 142ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்திலும் 60ஆம் பிரிவில் இதே போன்ற ஏற்பாடு உண்டு. நிறுவனங்கள் பல நேரம் அவதூறை நிரூபிக்க முடியாதபோது "லோகோவைக் காட்டிவிட்டார்" என்ற குறுக்குவழியில் போகின்றன. விமர்சிக்கும் பொருளைக் காட்டாமல் எப்படி விமர்சிக்க முடியும்?

இன்னொன்று, அடக்கப் போய் பெரிதாகிவிடுவது. 2010இல் கிட்கேட் சாக்லேட்டில் சேரும் பாமாயிலுக்காகக் காடு அழிகிறது என்று கிரீன்பீஸ் வெளியிட்ட வீடியோவை, காப்புரிமை என்று சொல்லி நெஸ்லே யூடியூபிலிருந்து எடுக்க வைத்தது. வீடியோ வேறு தளங்களில் இன்னும் வேகமாகப் பரவியது. ஃபேஸ்புக்கில் மக்கள் குவிந்து சண்டைக்கு வந்தார்கள். இரண்டே மாதத்தில், காட்டை அழித்து வரும் பாமாயிலைத் தவிர்ப்பதாக நெஸ்லே அறிவிக்க வேண்டியதாயிற்று.

போர்ன்விட்டா விவகாரம் நம் கண்முன்னே நடந்தது. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் அந்தப் பானப் பொடியிலுள்ள சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். வீடியோ உண்மையைத் திரித்துக் காட்டுகிறது என்று அதைத் தயாரிக்கும் மாண்டலீஸ் நிறுவனம் நோட்டீஸ் அனுப்ப, அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை எடுத்துவிட்டார். அதன்பிறகுதான் அதைப் பற்றி நாடே பேசியது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஓராண்டு கழித்து, போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைக்காதீர்கள் என்று மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. வீடியோவில் இருந்த எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை அளவு பற்றிய கேள்விக்கு விளக்கமாகப் பதில் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

ஈபே: கண்காணிப்பு குற்றமாக மாறிய கதை

இந்தத் துறையிலேயே மிக மோசமான சம்பவம் 2019இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. நேடிக் என்ற ஊரில் ஒரு தம்பதி இணைய வணிகம் பற்றிய செய்தி இதழ் ஒன்றை வீட்டிலிருந்தே நடத்திவந்தார்கள். அதில் வரும் செய்திகளும், கீழே வாசகர்கள் எழுதும் கருத்துகளும் ஈபே நிறுவனத்தின் மேலிடத்தை எரிச்சலூட்டின. அதுவரை நடந்தது படிப்பது மட்டும்தான்.

பிறகு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு களத்தில் இறங்கியது. தம்பதிக்கு எக்ஸின் அன்றைய வடிவமான ட்விட்டரில் மிரட்டல்கள் வந்தன. உயிருள்ள கரப்பான்பூச்சிகளும் சிலந்திகளும் பார்சலில் வந்தன. ரத்தம் தோய்ந்த பன்றி முகமூடி வந்தது, இறுதிச் சடங்குக்கான மலர்வளையம் வந்தது, வாழ்க்கைத்துணையை இழந்தபின் வாழ்வது எப்படி என்ற புத்தகம் வந்தது. ஊழியர்கள் நாட்டின் மறுகோடியிலிருந்து விமானம் ஏறி வந்து அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். காரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தவும் முயன்றார்கள். உள்ளூர் போலீஸ் துப்புத் துலக்கியபோது பொய் சொன்னார்கள், ஆதாரங்களை அழித்தார்கள்.

ஏழு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்தவருக்கு 2022இல் 57 மாதச் சிறை. 2024 ஜனவரியில் ஈபே 30 லட்சம் டாலர் கட்டவும், மூன்றாண்டு வெளியார் கண்காணிப்புக்கு உட்படவும் ஒப்புக்கொண்டது. அந்த 30 லட்சம்தான் அந்தக் குற்றங்களுக்குச் சட்டப்படி விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம்.

அந்த வீட்டில் இருந்த இருவரை நினைத்துப் பாருங்கள். தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு முறை அழைப்பு மணி அடிக்கும்போதும் பயந்தார்கள். விமர்சித்த ஆளின் வீட்டு விலாசத்தைத் தேட ஆரம்பித்த கணத்திலேயே அது வியாபாரம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றமாக விவரிக்கப்பட்டிருக்கிறது. கடுமையாக ரிவ்யூ எழுதிய பெண்ணின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், பழைய படங்கள் என்று கம்பெனி ஆள் தோண்டிக்கொண்டே போனால், "வேலைக்காகத்தான் செய்தேன்" என்ற பதில் அவரைக் காப்பாற்றாமல் போகலாம்.

தெரிந்துகொண்டால் பொறுப்பும் வருகிறது

பலரும் யோசிக்காத ஒரு பக்கம் இது. கண்காணிக்கும் நிறுவனத்துக்கு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பு குறைந்துபோகிறது.

மருந்து நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் கண்காணிப்பு வழிகாட்டுதல்படி, நிறுவனம் தான் நடத்தும் தளங்களையும் சமூக ஊடகப் பக்கங்களையும் தவறாமல் பார்த்து, பக்கவிளைவு பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். வேறு தளத்தில் எழுதியது கண்ணில் பட்டாலும் அதைப் பரிசீலிக்க வேண்டும். நோயாளி, தகவல் சொன்னவர், மருந்து, பாதிப்பு இந்த நான்கும் அடையாளம் தெரிந்தால் அது முறையான புகாராகிவிடும். கடுமையான பாதிப்பு என்றால் 15 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கும் பையன் "இந்த மாத்திரை சாப்பிட்டதும் மயங்கி விழுந்தேன்" என்ற பதிவை எதிர்மறைக் கருத்து என்று குறியிட்டுவிட்டு நகர்ந்தால், நிறுவனம் சட்டத்தை மீறியதாகிவிடும்.

அமெரிக்காவில் பொதுவான நுகர்வோர் பொருள்களுக்கும் இதுபோன்ற விதி உண்டு. பொருளில் ஆபத்தான குறை இருக்கிறது என்று முடிவுக்கு வரக்கூடிய தகவல் கிடைத்தால், 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருள் பொறுப்புக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. தகுந்த எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். சார்ஜர் சூடாகி உருகுகிறது என்று நாற்பது பேர் எழுதியது உங்கள் டேஷ்போர்டில், அதாவது கண்காணிப்புத் திரையில், ஆறு மாதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சார்ஜர் ஒரு வீட்டைக் கொளுத்தினால், அந்த டேஷ்போர்டே உங்களுக்கு எதிரான சாட்சி. அதனால் கேட்கும் வேலையை மார்க்கெட்டிங் பிரிவோடு நிறுத்தாமல், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் அந்தத் தகவல் அன்றன்றே போகும்படி வழி செய்ய வேண்டும். இதில் நஷ்டப்படுவது பணம் மட்டும் இல்லை, மக்களின் உயிர்.

பதில் போடும்போது

ரிவ்யூவுக்குப் பதில் எழுதும் அவசரத்தில் வாடிக்கையாளரின் தனி விவரத்தைப் பொதுவில் போட்டுவிடுவது சகஜமாக நடக்கிறது. "மேடம், நீங்கள் ரூட் கெனாலுக்கு வந்தபோதே இதைச் சொன்னோமே" என்ற ரகப் பதில். டல்லாஸ் நகரில் ஒரு பல் மருத்துவமனை, யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் நோயாளியின் விவரத்தோடு பதில் போட்டதற்காக 2019இல் 10,000 டாலர் கட்டியது. பொதுவில் மன்னிப்பும் விசாரணை வாக்குறுதியும் போதும், விவரங்களைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் எடுத்த அழகான படத்தைப் பார்த்ததும் கம்பெனிப் பக்கத்தில் எடுத்துப் போடுவதும் அப்படித்தான். படத்தின் காப்புரிமை எடுத்தவருடையது. டேக் செய்தாலும் அனுமதி கேட்டாக வேண்டும்.

பொய் ரிவ்யூ எழுதுவது இன்னும் கெட்ட வழி. போட்டி நிறுவனமான எச்டிசியின் போன்களைப் பற்றி மோசமாக எழுத ஆள்களுக்குப் பணம் கொடுத்ததற்காக 2013இல் சாம்சங்குக்குத் தைவான் 1 கோடி தைவான் டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் இணைய ரிவ்யூக்களுக்கென்று 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலை வெளியானது. திறமையாகக் கண்காணிக்கும் குழுவுக்கு எங்கே யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். அதனால் அங்கே ஆள் அனுப்பிப் பேச வைக்கும் ஆசையும் வரும். அந்த ஆசையை நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகவே தடுத்துவிட வேண்டும்.

நீங்கள் எழுதுபவர் என்றால்

ரிவ்யூ எழுதும்போது உங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "மோசடிக் கம்பெனி" என்று எழுதுவதற்கும் "பணம் கட்டி 40 நாளாகியும் பொருள் வரவில்லை" என்று எழுதுவதற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதை நிரூபிக்க ரசீதும் மின்னஞ்சலும் போதும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள். அது நீதிமன்ற உத்தரவு இல்லை, எதிர்த்தரப்பின் கோரிக்கை. தளங்களும் ஒரு கம்பெனி அவதூறு என்று சொன்னதற்காகவே உங்கள் பதிவை எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் அந்தக் கடமை எழும் என்று விளக்கியிருக்கிறது. அதே நேரம் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடவும் வேண்டாம். ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, தரப்பட்ட கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். எழுதியதில் ஒரு வரி தவறாக இருந்தால் அந்த வரியை மட்டும் திருத்தலாம், முழுப் பதிவையும் எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகலாம்.

ஆதாரம் விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரே விதிதான். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் நீட்டினால் போதாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதனால் பதிவின் முழு இணைப்பு, தேதி, நேரம், எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரம் எல்லாவற்றையும் அன்றைக்கே சேமித்து வையுங்கள். பதிவை நீக்குவது என்று முடிவு செய்தாலும், நீக்குவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.